பார்த்தால் தவறிவிடும் கணம்

சிவகிரிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீல விளிம்பைப் பார்த்துக்கொண்டே பொழுது விடிகிற ராயகிரியில், ஒரு பொங்கலுக்கு மறுநாள் இரவு, கம்பங்களில் கட்டிய விளக்குகளின் வெளிச்சத்தில், சுண்ணாம்புக் கோடு இழுத்த மண் தரையில், சுற்றுவட்டாரத்துக் கபடிக் குழுக்கள் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டத்தைப் பார்க்கவென்று போன நான், வெகுநேரம் ஆட்டத்தை மறந்து, கோட்டின் மூலையில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர் ஒருவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். புழுதி படாமலிருக்கக் காமிராவின் மேல் ஒரு ஈரிழைத் துண்டைச் சுற்றியிருந்தார். முழங்கால் பதிந்த இடத்தில் வேட்டி சுண்ணாம்பாகியிருந்தது. பாடிச் செல்பவன் நடுக்கோட்டைத் தாண்டியதும் ஊரே அவனைப் பார்த்து ஆரவாரிக்க, இவர் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அவருடைய கண் எதிரணியின் மூலையில், கைகோத்து நின்றவர்களில் கடைசி ஆளின் பாதத்தில் நிலைத்திருந்தது. அந்தப் பாதத்தின் குதிகால் சிறிது மேலெழும்பிய மாத்திரத்தில் காமிரா படபடத்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஆள் பாய்ந்து பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்தான். அதற்கும் பிறகுதான் எங்களுக்கெல்லாம் பிடி விழுந்தது தெரிந்தது.

இடைவேளையில் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "பாடுறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா படம் கெடைக்காது அண்ணாச்சி. மூலைல நிக்கான் பாருங்க, அவன் குதிகால் சொல்லிரும். கண்ணுல பட்ட பெறகு அமுக்குனோம்னா, புழுதிதான் விழும்" என்றார்.

கைத்தொழில் தெரிந்தவர்கள் தங்கள் தொழிலின் சூட்சுமத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் இப்படித்தான் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னதன் முழுப் பொருளையும் உணர்ந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. விளையாட்டுப் புகைப்படம் என்றால் விலையுயர்ந்த கருவியை வைத்துக்கொண்டு, நல்ல இடத்தில் உட்கார்ந்து, நடப்பதைச் சுடச்சுடப் பிடித்துக்கொள்ளும் காரியம் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். வாஸ்தவத்தில், நடந்ததைப் பார்த்துவிட்டுப் பிடிப்பது என்பது இந்தத் தொழிலில் இயலாத காரியம். அதற்குச் சரீர சாஸ்திரமே குறுக்கே நிற்கிறது.

கண்டதை மூளை அறிந்து, விரலுக்கு ஆணை போய், விரல் அசைவதற்குள் ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து அந்த அற்பப் பொழுதில் ஏறக்குறைய 8 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆடுகளத்தின் மொத்த நீளமோ 20.12 மீட்டர்தான். ஸ்டம்பு பறப்பதைப் பார்த்து விசையை அழுத்துகிறவனுக்குப் படத்தில் கிடைப்பது, விழுந்து கிடக்கும் ஸ்டம்பும் திரும்பி நடக்கும் மட்டையாளனின் முதுகும்தான். ஆகையால் பந்துவீச்சாளரின் கை சுழலும்போதே, இந்தப் பந்து என்ன செய்யும், மட்டையாளர் முன்காலில் வருவாரா, பின்காலில் போவாரா, எந்தப் பக்கம் அடிப்பார் என்பதையெல்லாம் தீர்மானித்து விரலை இயக்கவேண்டியிருக்கிறது. கருவியின் திரை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி மட்டுமே திறந்து மூடினாலும், அதற்குள்ளும் அந்தப் பந்து 4 சென்டிமீட்டர், அதாவது தன் உடம்பில் பாதிக்குமேல், நகர்ந்துவிடுகிறது. பந்து தெளிவாகத் தெரியும் படங்களில் அந்தத் தெளிவு எத்தனை அற்பமான ஒரு காலத் துணுக்கிலிருந்து பெறப்பட்டது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு. சில வருஷங்களுக்கு முன்வரை இத்தொழிலில் இருந்த யாவரும் கையாண்ட காமிராவில், லென்ஸ் வழியாக வரும் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிட உள்ளே ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து நிற்கும். விசையை அழுத்தினால் அந்தக் கண்ணாடி மேலே மடங்கிக்கொண்டு, ஒளி பிலிமின்மேல் விழ வழிவிடும். அப்போது படம் எடுப்பவரின் கண்ணுக்கு எதிரே இருட்டு. அதாவது, படம் பதிந்த கணத்தைப் படம் எடுத்தவர் கண்டதில்லை; அவர் கண்ணால் கண்ட கணம் எதுவோ அது பிலிமில் இல்லை. 'ஆகா, என்ன காட்சி!' என்று பார்வைத் துளைக்குள் கண்டு மகிழ்ந்தால், அது தவறிப்போயிற்று என்று பொருள். பார்க்காமலே அறிந்து, அறிந்ததை நம்பி, நம்பிய கணத்தில் கண்ணை இழந்து நிற்கும் இந்த ஜீவனத்தை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே ஒரு பக்தி உண்டாகிறது.

மனிதக் கண்ணுக்கு எட்டாததை எட்டிப் பிடிப்பதிலிருந்துதான் இந்தக் கலை பிறந்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் நிலத்தைவிட்டு எழும்புகின்றனவா என்ற கேள்விக்கு, குதிரையோடு காலமெல்லாம் வாழ்ந்தவர்களும் விடை சொல்ல முடியாதிருந்த காலத்தில், அமெரிக்காவில் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற செல்வந்தரின் குதிரைப் பண்ணையில், 1878-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல்களைக் கட்டி, குதிரை ஓடும் வேகத்தில் நூல் அறுபட அறுபட ஒவ்வொரு காமிராவும் தானே இயங்குமாறு செய்தார். நான்கு கால்களும் எழும்புவது மெய் என்று ருசுவாயிற்று. அதுவரை ஓவியர்கள் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பறப்பதுபோல் வரைந்துவந்தது தவறு என்றும், கால்கள் வயிற்றுக்கடியில் குவிந்திருக்கும்போதே குதிரை தரையைவிட்டு எழும்புகிறது என்றும் தெரிந்தது.

பிறகு வந்த ஐம்பது அறுபது வருஷங்களில் கருவிகள் சுருங்கினவே தவிர, ஆட்டக்களத்துப் புகைப்படக்காரரின் கையில் கணங்கள் தாராளமாக இருந்ததில்லை. கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த நாட்களில், ஒரு தகட்டை மாற்றி மறு தகட்டைப் பொருத்துவதற்குள் ஆட்டம் எங்கோ போய்விடும். அப்படித் தவறிப்போகாமல் பிடிபட்ட ஒரு கணத்தைச் சொல்கிறேன். 1960 டிசம்பர் 14 அன்று பிரிஸ்பேன் மைதானத்தில், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டின் கடைசி ஓவரில், இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாகி நின்றபோது, ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து ஒற்றை ஸ்டம்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற கோணத்தில் பந்தை எறிந்து வீழ்த்த, இயன் மெக்கிஃப் கோட்டை எட்டாமலே ஆட்டமிழந்தார். டெஸ்ட் வரலாற்றில் முதல்முறையாக ஒரு போட்டி சமனில் முடிந்தது. அந்தக் கணத்தை 'தி ஏஜ்' பத்திரிகையின் ரான் லாவிட் எடுத்த படம் உலகப் பிரசித்தம். கைகளை வீசிக் குதிக்கும் ஆட்டக்காரர்கள், சிதறிய ஸ்டம்பு, திரும்பிப் பார்க்கும் மட்டையாளர் என்று அரைப் பக்கத்துக்குள் ஒரு நாடகத்தின் கடைசி அங்கம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. எறிந்த சாலமனும், அதே அணியில் ஆடிய ரோஹன் கன்ஹாயும், கயானாவின் போர்ட் மொரான்ட் என்ற கரும்புத் தோட்டத்து ஊரில் பிறந்த இந்திய வம்சாவளியினர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நமக்கு உவப்பாக இருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கலைக்குச் சென்னை ஒரு முக்கிய ஸ்தானம். 'தி ஹிந்து' நிறுவனத்தார் 1947-ல் தொடங்கி 1968 வரை நடத்திய 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வாரப்பத்திரிகையும், 1978-ல் அவர்களே தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' பத்திரிகையும், ரேடியோவின் வர்ணனையை மட்டும் கேட்டு ஆட்டத்தை மனத்தில் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த சிற்றூர் ரசிகர்களுக்கு ஆட்டக்காரர்களின் முகத்தைக் கொண்டுவந்து கொடுத்தன. எங்கள் வீட்டுத் தகர டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில், பெரியப்பா கத்தரித்து ஒட்டிவைத்த டென்னிஸ் படம் ஒன்று இருந்தது. பசைக்குப் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சியதாகச் சொல்வார். படத்திலிருந்தவர் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்ற ராமநாதன் கிருஷ்ணன். உடம்பை முறுக்காமல், முகத்தைச் சுளிக்காமல், பந்தை மெல்லத் தொட்டு வைத்த பாவனையில் நின்றார். பல வருஷங்களுக்குப் பிறகே, அதை எடுத்தவரின் சாமர்த்தியம் எனக்கு விளங்கியது. வலுவாக அடிப்பவரைப் படமெடுப்பது ஒப்பு நோக்கச் சுலபம். தசை திரள்வதும் வியர்வை தெறிப்பதும் தாமாகவே படமாகிவிடும். பிரயாசை தெரியாமல் ஆடுகிறவரின் ஆட்டத்தை, அந்தப் பிரயாசையின்மையையே காட்டி எடுப்பதற்கு, எடுப்பவரும் டென்னிஸில் ஊறியவராக இருந்திருக்கவேண்டும்.

அந்தக் காலத்து நடைமுறையையும் சிறிது சொல்லவேண்டும். ஒரு சுருளில் 36 படங்கள். அதற்குள் எண்ணி எண்ணிச் செலவிடவேண்டும். முப்பத்தைந்தாவது படத்தில் விரல் தயங்கும். சுருளை மாற்றும் அரை நிமிஷத்தில் விக்கெட் விழுந்தால் விதி என்று எண்ணிக்கொள்ளவேண்டும். எடுத்த சுருள் ஆளின் கையில் கொடுக்கப்பட்டு, மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போய், இருட்டறையில் கழுவப்பட்டு, ஈரம் காயுமுன் பிரிண்ட் போடப்பட்டு, பிளாக் செய்யப்பட்டு அச்சேறும். தான் எடுத்தது படமா வெற்றுப் பிலிமா என்பதை எடுத்தவர் மறுநாள் காலை பத்திரிகையைப் பிரித்தே தெரிந்துகொண்ட நாட்கள் உண்டு. வெளியூர்ப் பதிப்புக்கு நேரமாகிவிடும் என்பதால், ஆட்டம் மிகச் சுவாரசியமான கட்டத்தை அடையும் சமயத்தில் மைதானத்தைவிட்டு எழுந்து போகவேண்டிய நிர்ப்பந்தமும் அவர்களுக்கு இருந்தது.

சேப்பாக்கம் மைதானம் இவர்களுக்கு அளித்த காட்சிகளில் இரண்டைக் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டில், சென்னையின் புழுக்கத்தில் உடம்பின் நீரெல்லாம் வற்றி, ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தியெடுத்து, கால் பிடித்துக்கொண்டு, அப்படியும் 210 ஓட்டங்கள் எடுத்தார் டீன் ஜோன்ஸ். கடைசி நாளின் கடைசி ஓவரில், ஒரு பந்து மீதமிருக்க, கிரெக் மாத்யூஸின் பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆக, 26 வருஷங்களுக்கு முன் பிரிஸ்பேனில் நடந்தது இரண்டாம் முறையாக நடந்தது. அந்த டெஸ்ட்டைப் பற்றிய வர்ணனைகள் எத்தனையோ இருந்தாலும், கண்கள் குழிவிழுந்து, மட்டையை ஊன்றுகோலாக்கி நிற்கும் ஒரு மனிதனின் தோற்றத்தை நிறுத்திக்காட்டப் படத்தைத் தவிர வேறு சாதனம் இல்லை.

மற்றொன்று 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில், முதுகு வலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 எடுத்து வெளியேறும்போது, வெற்றிக்கு 17 ஓட்டங்களே தேவை. எஞ்சியவர்கள் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தார்கள். 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. அழுத கண்களோடு எழுந்த கூட்டம், சில கணங்கள் பேச்சற்று நின்று, பிறகு கைதட்டத் தொடங்கியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வர, கூட்டம் முழுவதும் நின்றபடியே கரகோஷம் செய்தது. அந்தச் சந்தர்ப்பத்தில் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, காமிராவைக் கூட்டத்தை நோக்கித் திருப்பத் தோன்றியவர்களுக்கே அன்றைய ஆட்டத்தின் உண்மையான படம் கிடைத்தது. ஸ்கோர் அட்டையில் தோல்வி மட்டுமே பதிவாயிற்று; சென்னை மக்கள் அன்று நடந்துகொண்ட விதம் படத்தில் பதிவாயிற்று. என் அபிப்பிராயத்தில், தமிழ்நாட்டு மைதானங்களில் எடுக்கப்பட்ட படங்களுக்குள் ஆட்டக்காரர் எவரும் இல்லாத, எழுந்து நின்ற சாதாரண ஜனங்களின் முகங்கள் மட்டுமே உள்ள படமே தலைசிறந்தது.

அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கில்லையா என்று கேட்கலாம். உண்டு. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில், குத்துச்சண்டையில் முகமது அலி சானி லிஸ்டனை முதல் சுற்றிலேயே வீழ்த்தி, விழுந்தவருக்கு மேலே நின்று கையை மடக்கி அதட்டிய படத்தை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. கூடத்தின் உச்சியில் அவர் கட்டியிருந்த மின்னல் விளக்குகள் ஒருமுறை ஒளிவிட்டால் மறுமுறை சக்தி சேர்வதற்குச் சில விநாடிகள் வேண்டும். ஆகவே கணத்துக்கு ஒரே படம். அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால், அலியின் கால்களுக்கிடையே, எதிர்ப்பக்கத்தில் காமிராவோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் தெரிவார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன். லைஃபர் படமெடுத்த அதே பத்திரிகையைச் சேர்ந்த, அவரைவிட அனுபவத்தில் மூத்த புகைப்படக்காரர். அவருக்கு அன்று கிடைத்தது அலியின் முதுகு. இடம் அதிர்ஷ்டத்தால் அமைந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அலியின் கை அந்த நிலையில் இருந்த கணத்துக்காகத் தம்மிடமிருந்த ஒரே ஒளியைச் சேமித்து வைத்திருந்தது அதிர்ஷ்டம் ஆகாது. இன்று உலகம் கொண்டாடும் அந்தப் படம் அப்போது அவருடைய பத்திரிகையின் அட்டைக்குக்கூட வரவில்லை.

இதே தொழிலின் உறவுமுறையில், மனிதன் கையே படாத ஒரு படமும் இருக்கிறது. ஓட்டப்பந்தயத்தின் முடிவுக் கோட்டில் வைக்கப்படும் காமிரா முழுக் காட்சியையும் பார்ப்பதில்லை. கோட்டுக்கு நேராக ஒரு மெல்லிய பிளவின் வழியே அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்; பிலிம் இருந்த காலத்தில் பின்னால் அது நகர்ந்துகொண்டே இருந்தது. கோட்டை யார் எப்போது கடந்தாரோ அந்த வரிசையில் அவர்களுடைய உடம்பு சிறிது சிறிதாகப் பதிவாகும். ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக நாம் காண்பது தூரத்தை அல்ல, காலத்தை. 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் போயிற்று. மைதானத்தில் இருந்த எந்தக் கண்ணும் தீர்மானிக்க முடியாத அந்த இடைவெளியை அந்த ஒற்றைப் படமே தீர்மானித்தது.

எதுவும் அசையாத விளையாட்டையும் படம் எடுக்கவேண்டியிருக்கிறதே என்று கேட்பவர்களுக்குச் சதுரங்கத்தைச் சொல்வேன். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நம் ஊர்ப் புகைப்படக்காரர்கள் பலருக்கு அது புதிய பாடமாக இருந்திருக்கும். பெரிய சதுரங்கப் போட்டிகளில் ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்கள் மட்டுமே பலகையின் அருகே படம் எடுக்க அனுமதி. காமிராவின் 'டக்' என்ற ஓசையும் குற்றம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், எதிராளி டிங் லிரென் செய்த பிழையைக் கண்டுகொண்டு, 18 வயதுக் குகேஷ் உலகச் சாம்பியன் ஆகப் போகிறோம் என்று உணர்ந்த அந்தப் பொழுதில் அவர் முகத்தில் ஓடிய மாறுதலும், பின்னர் கைகளில் முகத்தைப் புதைத்து அழுததும் உலகெங்கும் காட்டப்பட்டன. எந்தப் பாய்ச்சலுக்கும் குறையாத வேகம் அந்த முகத்தில் இருந்தது.

இனி இத்தொழிலால் வயிறு நிறையுமா என்ற கேள்விக்கு வரவேண்டும். பிள்ளைகளுக்கு இந்த ஆசை உள்ள பெற்றோர்கள் முதலில் கேட்பது இதுதான், கேட்பது நியாயமும்கூட. எல்லைக் கோட்டுக்கு வெளியே வரிசையாகத் தெரியும் அந்த வெள்ளை நிற நீள லென்ஸ்களில், 400 மில்லிமீட்டர் வகை ஒன்று 3 கிலோ வரை கனக்கும். விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். வெள்ளை பூசியிருப்பது அழகுக்காக அன்று. வெயிலில் சூடேறி உள்ளிருக்கும் கண்ணாடிகள் விரிந்து காட்சி கலங்காதிருப்பதற்காக. பெரிய பத்திரிகையிலோ செய்தி நிறுவனத்திலோ சம்பளத்துக்கு அமர்ந்தவர்களுக்கு இவற்றை நிறுவனம் வாங்கிக் கொடுக்கும். மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள், பழையது வாங்குகிறார்கள், கடன்படுகிறார்கள். சம்பள வேலைகள் குறைந்துகொண்டு வருகின்றன. ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் பெருகிவருகிறது. படத்தை அனுப்ப முன்பு இரவுவரை நேரம் இருந்தது. இன்று பந்து எல்லைக் கோட்டைத் தொட்டு நிற்பதற்குள் படம் காமிராவிலிருந்தே கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ ஆசிரியரின் மேசைக்குப் போய்விடுகிறது.

ராயகிரியில் நான் கண்டவருக்கு ஜீவனம் கல்யாண வீடுகள்தாம். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று முகூர்த்த நாட்களில் சம்பாதித்ததைக் கொண்டு, முகூர்த்தமில்லாத நாட்களில் கபடிக்கும் வாலிபாலுக்கும் போகிறார். நம் வட்டாரத்தில் இதற்குச் சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது. திருநெல்வேலிக்கு அருகே சங்கர் நகரில் 2016 முதல் டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. தொழிலில் மேலேறியவர்கள் ஏறிய படி பெரும்பாலும் இவ்வாறான உள்ளூர் மைதானங்களே. மாவட்டப் போட்டியில் எடுத்த படம் ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் வரும். அதைக் காட்டி மாநிலப் போட்டிக்கு அனுமதிச் சீட்டு. அங்கிருந்து தேசியப் போட்டி. கல்லூரிகளில் காட்சித் தகவலியல் படித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

காமிராவின் நுட்பங்களை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். விளையாட்டைக் கற்றுக்கொள்ளவே வருஷங்கள் ஆகின்றன. ஹாக்கியில் பெனால்டி கார்னர் அடிக்கும்போது பந்து யாரிடம் தள்ளப்படும், யார் தடுத்து நிறுத்துவார், யார் இழுத்து அடிப்பார் என்பது தெரிந்தவன் கோலின் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வான். குற்றாலத்துச் சாரல் காலத்தில், ஆனி ஆடி மாதங்களில், தென்காசிப் பக்கத்து மைதானங்களில் மேகம் இறங்கி வெளிச்சம் மங்கினால் எப்படி எடுப்பது, காற்றோடு வரும் தூறல் லென்ஸில் படாமல் எந்தத் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவது என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்த மண்ணில் விளையாடி முழங்கால் தேய்ந்த பையனுக்கு அது தானாகத் தெரிந்திருக்கும். ஆகவே, கபடியைப் படம் எடுக்கத் தகுந்தவர் கபடி ஆடிய கிராமத்திலிருந்தே வரவேண்டும் என்பது என் துணிபு.

இப்போது வந்திருக்கும் காமிராக்களில் அந்த மடங்கும் கண்ணாடியே இல்லை. 2023-ல் அறிவிக்கப்பட்ட சோனியின் காமிரா ஒன்று விநாடிக்கு 120 படங்கள் எடுக்கிறது; விசையை அழுத்துவதற்கு ஒரு விநாடி முன்னால் நடந்ததையும் அது தானே சேமித்து வைத்துக்கொள்கிறது. தாமதமாக அழுத்தியவனுக்கும் படம் கிடைத்துவிடும். அப்படியானால் குதிகாலைப் பார்த்துக் கற்ற வித்தை பயனற்றுப் போயிற்றா என்று ராயகிரிக்காரரிடம் பின்னொரு நாள் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "எந்தப் பக்கம் உக்காரணும்னு அது சொல்லாது அண்ணாச்சி" என்றார். நூற்றிருபது படங்களில் எது படம் என்பதையும் அது சொல்லாது என்று நான் மனத்துக்குள் சேர்த்துக்கொண்டேன்.

எடுக்கவேண்டாதது எது என்பதையும் அது சொல்லாது. அந்தப் பொங்கல் இரவில், பிடியில் சிக்கி மூச்சுத் திணறி மயங்கிய ஒரு பையனின் படம் அவருடைய காமிராவில் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. மயங்கிய முகத்தில் வாய் ஒருபுறம் கோணியிருந்தது. என்னிடம் அதைக் காட்டிவிட்டு, என் எதிரிலேயே அழித்தார். "நாளைக்கு அவன் அம்மா பாப்பாங்கல்லா" என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோற்றவனின் துயரத்தைக் காட்டுவது இக்கலையின் பெரும் பேறு. விழுந்தவனின் அவமானத்தைக் காட்டுவது அதன் இழிவு. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை ஒவ்வொரு முறையும் எடுப்பவரே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.

முடிப்பதற்குமுன் ஒரு விண்ணப்பம். நம் கிராமங்களில் வெகுகாலம் விளையாட்டுப் புகைப்படம் என்றால், வெற்றிபெற்ற குழு கேடயத்தை நடுவில் வைத்துக்கொண்டு, முன்வரிசை நாற்காலியிலும் பின்வரிசை பெஞ்சிலுமாக நின்று எடுத்துக்கொண்ட குழுப்படம் ஒன்றுதான். ஆட்டம் அதில் துளியும் இராது. ஆனால் அடியில், வெள்ளை மையில், 'இடமிருந்து வலம்' என்று தொடங்கி எல்லாருடைய பெயரும் எழுதியிருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்டு, 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, 1995-ல் அர்ஜுனா விருது பெற்ற கணேசனின் பெயர் நாடறிந்தது. அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2025-ல் திரைப்படமே வந்துவிட்டது. ஹிரோஷிமா வரை போகாத எத்தனையோ பேரின் ஆட்டத்துக்கு அந்தக் குழுப்படத்துப் பெயர் வரிசை ஒன்றே இன்று சாட்சி. இப்போது ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது; ஒரு போட்டிக்கு ஆயிரம் படங்கள் எடுக்கிறோம்; ஒன்றிலும் பெயர் இல்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பாய்ச்சல் யாருடையது என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கமாட்டார்.

ராயகிரிக்காரர் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறார்; ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பனியன் எண், பெயர், ஊர், தேதி ஆகியவற்றை அதில் எழுதிக்கொள்கிறார். உங்கள் ஊர் மைதானத்தில் எடுத்த படம் ஏதாவது உங்களிடம் இருந்தால், அதில் உள்ளவர்களின் பெயரையும் எடுத்தவரின் பெயரையும் இன்றைக்கே அதன் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.